வீட்டில் இஞ்சி சோடாவுக்கு கேஸ் ஏற்றுவது: ஒரு வருடத்துக்கு மேல் பழகிய அனுபவம்

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் மெஷின் எதுவும் இல்லாமல் பாட்டிலுக்குள்ளேயே கேஸ் பிடிக்க வைக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. நம் ஊரில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டில் பீர் காய்ச்ச அது இடம் தராது, ஆகவே அந்தப் பக்கமே போகவில்லை. அதே வேலையை இஞ்சி சோடாவில் செய்யலாமே என்று நாகர்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஆரம்பித்தேன், வருடம் ஒன்று தாண்டிவிட்டது.

கேஸ் உண்டாக்கும் ஈஸ்டைப் பெருக்கி வைக்கும் கரைசல்தான் ஸ்டார்ட்டர், அதைச் செய்வது சுலபம். வடசேரி சந்தையில் மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்கி, கழுவித் தோலோடு துருவி, சர்க்கரையும் ஆறவைத்த கொதிநீரும் சேர்த்து ஜாடியில் வைத்து, தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டால் நாலைந்து நாளில் நுரை கட்டும். சர்க்கரையைத் தின்று கேஸ் விடும் நுண்ணுயிரான ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது, சீவி எறிந்துவிட வேண்டாம். அப்புறம் இஞ்சி கொதிக்க வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறியதும் எலுமிச்சை பிழிந்து, ஸ்டார்ட்டரை வடிகட்டி ஊற்றி பாட்டிலில் அடைக்க வேண்டியதுதான்.

விஷயமே அடைத்த பிறகுதான் இருக்கிறது. பீரில் ஈஸ்ட் முதலில் சர்க்கரையை எல்லாம் தின்று முடித்து ஓய்ந்துவிடும், அதன் பிறகு கேஸுக்கென்று லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரையை அளந்து போட்டு மூடுவார்கள், அந்தச் சர்க்கரை தீர்ந்ததும் கேஸும் நின்றுவிடும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, திரவத்தின் அளவுக்கு ஏறக்குறைய ஒரு மடங்கு கார்பன் டை ஆக்சைடு தரும் என்பது கணக்கு, பீருக்கு இரண்டரை மடங்கு இருந்தால் போதும். இஞ்சி சோடாவில் நமக்கு இனிப்பு வேண்டுமே, அதனால் 80 கிராமும் உள்ளேயே கிடக்கிறது, முழுவதையும் ஈஸ்ட் தின்றால் இருபது மடங்கு. எந்தப் பாட்டிலும் தாங்காது. ஆக, இங்கே சர்க்கரையை அளந்து கேஸை நிறுத்த முடியாது, நிறுத்துவது ஃப்ரிட்ஜ்தான். குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும், கேஸும் தண்ணீரில் நன்றாகக் கரையும்.

எப்போது ஃப்ரிட்ஜில் வைப்பது? புத்தகக் கணக்கு நம் ஊருக்கு ஒத்து வராது. பங்குனி வெயிலில் ஒரே நாளில் ஏறிவிடுகிறது, ஆடிச் சாரலில் அதே கலவை இன்னும் ஒரு நாள் கூடக் கேட்கிறது. நான் நம்புவது ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலை மட்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பாட்டில்களோடு சேர்த்து அதிலும் ஒன்று நிரப்பி வைப்பேன். அடைத்தவுடன் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். பக்கம் விறைத்து, மொட்டு போன்ற அடிப்பாகமும் கல்லாக இருந்தால் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ள வேண்டிய நேரம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் எல்லாமே பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள் என்றுதான் சொல்வேன், பார்க்க அழகில்லை, ஆனால் உடைந்து கண்ணாடி தெறிக்காது.

கம்பி மூடி வைத்த கண்ணாடிப் பாட்டில்களைப் பற்றி: சோடாவுக்கென்று தடித்த கண்ணாடியில் வருவது நல்லது. எண்ணெய் ஊற்றி வைக்கும் அலங்காரப் பாட்டிலும் அதே மூடியோடு விற்கிறது, அதை இதற்குத் தொடாதீர்கள். ரப்பர் வாஷர் சில மாதத்தில் இறுகிப்போய் கேஸ் கசியும், தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அனுப்பிய செட்டில் பாதி வாஷர் வந்தபோதே வெடித்திருந்தது, இது வரைக்கும் பதில் இல்லை. கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். கோலி சோடா பாட்டில் கிடைத்தாலும் பயன் இல்லை, கேஸ் அழுத்தித்தான் கோலி மேலே போய் அடைக்கும் என்பதால் வீட்டில் முதலில் மூடவே வழியில்லை.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் ருசி எங்கேயோ போகிறது, அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும், "அக்கானி வாசம் அடிக்குதுல்லா" என்பாள் (அக்கானி என்றால் பதநீர்). ஆனால் நுரை தாறுமாறாக வரும், அடியில் வண்டலும் அதிகம். கரைத்துத் துணியில் வடிகட்டி, திறக்கும்போது பாட்டிலைத் தொட்டித் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்து மூடியைக் கொஞ்சம் தூக்கி, நுரை கழுத்துக்கு வந்ததும் அமுக்கி, அடங்கியதும் மறுபடி தூக்கி, இப்படி மூன்று நாலு தடவை செய்தால் பாதி பாட்டில் வீணாகாது. மார்த்தாண்டம் தேனிலும் செய்திருக்கிறேன், தேனில் ஐந்தில் ஒரு பங்கு போலத் தண்ணீர் இருப்பதால் 80 கிராம் சர்க்கரைக்கு 100 கிராம் தேன். சுமார்தான், தேனை அப்படியே சாப்பிடுவது மேல்.

இன்னொன்று, இதில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகத்தான் செய்யும். நாள் கூடக் கூட அதுவும் கூடும், அதனால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குள் குடித்து முடிப்போம், பிள்ளைகளுக்குக் கடைச் சர்பத்துதான்.

கரண்ட் போனால்? ஒரு மணி இரண்டு மணி கட்டுக்கு ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் போதும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது மாதிரி நாள்கணக்கில் போனால், குளிர் விடுவதற்குள் ஒவ்வொன்றாகத் திறந்து குடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள், மூடியபடி மட்டும் விட்டுவைக்காதீர்கள்.