லண்டன் பிளாட்டில் சுவர் உடைக்கப் போகிறீர்களா? அனுமதிக் கடிதம் கவனம்

ஹாரோவில் எங்கள் பிளாட் 125 வருட லீஸில் (நீண்டகாலக் குத்தகை) இருக்கிறது. குசினிக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுத்து பீம் போட ஒரு பில்டரைப் பிடித்தோம். எங்கள் ஆள்தான், கோயிலில் அறிமுகம். “பேப்பர் வேலை எல்லாம் என்ர பொறுப்பு அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்று அதற்குத் தனியாக 900 பவுண் வாங்கினார். கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டின் லெட்டர்ஹெட்டில் அனுமதிக் கடிதமும் கொண்டுவந்து தந்தார். லோகோ, கையெழுத்து, ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் இருந்தன.

பிளாட்டை விற்கப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வாங்குபவரின் சொலிசிட்டர், கட்டடத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் இந்த மாற்றத்துக்குக் கொடுத்த லைசென்ஸையும், வேலை பாதுகாப்பாகச் செய்யப்பட்டதா என்று பார்க்கும் பில்டிங் கன்ட்ரோலின் சான்றிதழையும் கேட்டார். கடிதத்தை ஏஜென்டுக்கு அனுப்பினால், அப்படியொரு ரெஃபரன்ஸே தங்களிடம் இல்லை என்று பதில். கவுன்சிலுக்கும் எந்த விண்ணப்பமும் போகவில்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார் என்று பில்டர் சொன்னாரே, அதுவும் கதை!

சரி என்று கவுன்சிலில் ரெகுலரைசேஷனுக்கு, அதாவது முடிந்துபோன வேலைக்குப் பிந்திச் சான்றிதழ் பெற, விண்ணப்பித்தோம். பீம் எதில் தாங்கி நிற்கிறது என்று பார்க்க, பெயின்ட் அடித்த சுவரை இரண்டு முனையிலும் வெட்டித் திறக்கச் சொன்னார்கள். ஒரு முனையில் பேட்ஸ்டோன், அதாவது பீமின் பாரத்தைச் சுவரில் பரப்பும் கல், இல்லை. வெறும் செங்கல்மேல் இரும்பு, இடைவெளிக்கு ஒரு மரத்துண்டு செருகல். மேலே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. வாங்க வந்தவர் போய்விட்டார்.

“உள்ளுக்குள்ள செய்யிறதுக்கு பெர்மிஷன் எதுக்கு?” என்று கேட்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது கவுன்சிலின் பிளானிங் அனுமதியை. பில்டிங் கன்ட்ரோல் வேறு, லீஸ் வேறு. பல லீஸ்களில் பிளாஸ்டர் வரைதான் நம்முடையது, தாங்கும் சுவர் ஃப்ரீஹோல்டருடையது. முறையான லைசென்ஸ் என்பது சாதாரணமாக நீங்களும் கையெழுத்து வைக்கும் சட்டப் பத்திரம். பில்டர் வெறும் கடிதத்தை நீட்டினால், சர்வீஸ் சார்ஜ் பில்லில் இருக்கும் நம்பருக்கு நீங்களே அடித்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கு அடிக்க வேண்டாம்.

ஏஜென்டும் சும்மா விடவில்லை. பிந்திய அனுமதிக்கு எக்கச்சக்கமான பில் அனுப்பினார். 2002 லீஸ்ஹோல்ட் சட்டத்தின்படி இந்தக் கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும், பில்லோடு நம் உரிமைகளின் சுருக்கமும் வர வேண்டும். அது வரவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, கணக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னபின் தொகை இறங்கியது.

பில்டர் இப்போது போன் எடுப்பதில்லை. கேட்கும் தொகை 10,000 பவுணுக்குள் என்பதால் ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்கு) போடுகிறோம். அந்தக் கடிதத்தின் அசல் பத்திரமாக இருக்கிறது.