பவர் ஸ்டீயரிங் பம்ப்: சீல் கிட்டா, பழசா, புதுசா?

இப்போது வரும் கார்கள் பெரும்பாலும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங். அவற்றில் இந்தப் பம்ப்பே இல்லை. பழைய சுமோ, பொலேரோ போல பெல்ட்டில் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் உள்ள வண்டிக்காரர்களுக்கான அலசல் இது.

முதலில் கோளாறு பம்ப்பில்தானா என்று பாருங்கள். பெல்ட் தளர்ந்தாலும், ஆயில் டப்பாவின் அடியில் உள்ள வலை அடைத்தாலும், உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் வழியே காற்று புகுந்தாலும் பம்ப் கெட்டால் வரும் அதே ஊளைச் சத்தம்தான் வரும்.

சீல் கிட் (பம்ப்பின் ஆயில் சீல்களை மட்டும் மாற்றும் செட்) சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் சத்தமில்லாமல் கசிவு மட்டும் இருந்தால்தான் அது சரி. புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா, புஷ் தேய்ந்துவிட்டது. சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட்டில் நகம் இடறினாலும் புது சீல் நிற்காது. பிரித்து மாட்டும்போது வேன்களின் (உள்ளே சுழன்று ஆயிலைத் தள்ளும் சிறு தகடுகள்) உருண்டை முனை வெளிப்பக்கம், சுற்றியுள்ள ரிங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரஷர் வராது.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய பம்ப் மலிவு. கையால் சுற்றிப் பார்க்கலாம், அதில் பிரஷர் தெரியாது. வெளியில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ வால்வு வேறாக இருந்தால் ஸ்டீயரிங் கனக்கும், இல்லையேல் அளவுக்கு மீறி இலேசாகும். வாய் திறந்தே கிடந்த பம்ப்பில் துருவும் இருக்கும். ரீகண்டிஷன் பம்ப் (பழசைப் பிரித்துச் சரிசெய்தது) செய்தவர் கையைப் பொறுத்தது. பொதுவாக நல்லது, கெட்டது என்று சொல்வதற்கில்லை.

என் ஓட்டு புதுசுக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: ஆயிலைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் அந்தக் காசு வீண். பழைய பம்ப் தேய்ந்து உதிர்த்த உலோகத் தூள் ஹோஸிலும் ஸ்டீயரிங் கியர் பாக்ஸிலும் தங்கியிருக்கும். அது புது பம்ப்பின் ரிங்கைக் கீறும், பிறகு மறுபடி அதே சத்தம். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுத்தால் சீல் கிட்டை மறந்துவிடலாம்.

பழைய ஆயிலை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்துவிடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இரு ஓரத்துக்கும் மெதுவாகத் திருப்பி, டப்பா காலியாகாமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள். 2 லிட்டர் கையில் இருக்கட்டும். எந்த ஆயில் என்பதை மூடியிலோ மேனுவலிலோ பாருங்கள். பல வண்டிகளுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்), சிலவற்றுக்குத் தனி ஆயில். வலை டப்பாவோடு சேர்ந்தே வருவதானால் டப்பாவையே மாற்றுங்கள்.

பிரஸ் ஃபிட் (ஷாஃப்ட்டில் இறுக்கமாக அழுத்தி ஏற்றிய) புல்லியானால் புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், மாட்டும்போதும் அதற்கான கருவிதான். சுத்தியல் அடி ஷாஃப்ட் வழியே உள்ளே இறங்கிவிடும். பிரஷர் லைனின் செப்பு வாஷர், ஓ-ரிங் கட்டாயம் புதிது.

காற்றை எடுக்க, இன்ஜின் ஓடாத நிலையிலேயே ஓரத்திலிருந்து ஓரம் 20 தடவை திருப்பி ஆயில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஐடிலில் விட்டுத் திருப்புங்கள். கடைசி ஓரத்தில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. மிகுந்த பிரஷரை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் வேகமாகச் சூடேறும். டப்பாவில் ஆயில் பால்போல் நுரைத்தால் இன்ஜினை அணைத்து, நுரை அடங்கிய பின் மறுபடி செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப்பைப் பாருங்கள்: அங்கே ஆயில் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும்.