பீட்டர்பரோ பீட்ஸ்: பழைய அரங்கில் ஒரு ஆட்டம்

கனடாவின் ஒன்டாரியோ ஜூனியர் ஐஸ் ஹாக்கியை ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும் என்றால், பீட்டர்பரோ பீட்ஸ் அணியின் அரங்கமான பீட்டர்பரோ மெமோரியல் சென்டருக்குப் போங்கள். டொரண்டோவிலிருந்து 401-ஆம் நெடுஞ்சாலை, பிறகு 115. ஏறக்குறைய 140 கி.மீ. அரங்கமும் அணியும் 1956-இல் தொடங்கியவை. தொடக்கத்தில் அணிக்கு ஆதரவு கொடுத்தது ஒரு லாரி கம்பெனி.

இந்த அணியின் பெருமை பயிற்சியாளர்கள்தான். ஸ்காட்டி போமன், ரோஜர் நீல்சன், மைக் கீனன் மூவரும் இங்கே பயிற்சி கொடுத்து, பின்னாளில் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல். போனவர்கள். ஒரு வீரர் தனியாக வந்து கோல்கீப்பரை எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஷாட்டின்போது, நீல்சன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு டிஃபென்ஸ் வீரரை வலைக்குள் நிறுத்தினார். அடிப்பவர் தட்டோடு (பக் எனப்படும் ரப்பர் வட்டு) வரும்போதே அந்த டிஃபென்ஸ் வீரர் பாய்ந்து மறிப்பார். விதியில் இருந்த ஓட்டை அது. பின்னாளில் விதியையே மாற்றினார்கள். 1979-இல், கனடாவின் ஜூனியர் சாம்பியன்ஷிப்பான மெமோரியல் கோப்பை இறுதியில் பீட்ஸ் அணியினர் பிராண்டன் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றார்கள். பீட்ஸ் வென்ற ஒரே மெமோரியல் கோப்பை அதுதான். ஒன்டாரியோ ஹாக்கி லீக் பட்டம் கடைசியாக 2023-இல் வந்தது.

டிக்கெட் எடுக்கும்போது நடுக்கோட்டுக்கு அருகே, சற்று மேல்வரிசையாகப் பாருங்கள். கீழே உட்கார்ந்தால் பக்கச்சுவர் மறைத்து, அருகிலுள்ள மூலையில் தட்டு எங்கே என்றே தெரியாது. கோலுக்குப் பின்னால் பாதுகாப்பு வலை கண்ணை உறுத்தும். 20 நிமிடப் பகுதிகள் மூன்று, இடைவேளைகளும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். பனித்தளக் குளிர் காலில்தான் முதலில் ஏறும். கம்பளிக் காலுறை அவசியம். இடைவேளையில் காபி வரிசை நீளும், பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தால் மட்டும் எழவே எழாதீர்கள்.