ஹேஷ்டேக்கா, நேரில் இறங்குவதா?

பொதுப் பிரச்சினையில் குரல் கொடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு வரும் குழப்பம் இது.

வேகம்: பதிவு சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோரை எட்டும். நேரில் ஆள் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும்.

செலவு: பதிவுக்கு டேட்டா போதும்; நேரில் இறங்க நேரமும் அலைச்சலும் வேண்டும்.

ஆயுள்: விஷயமே இங்கேதான். எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் கோபத்தை மேலே தூக்கும், அடுத்த பரபரப்பு வந்ததும் கீழே தள்ளிவிடும். எகிப்தில் 2011 ஜனவரியில் அரசுக்கு எதிராக இளைஞர்களைத் திரட்டியதில் ஃபேஸ்புக்குக்குப் பெரிய பங்கு. 28ஆம் தேதி அரசு இணையத்தை முடக்கியும் கூட்டம் பெருகத்தான் செய்தது. சரி, அப்புறம் வந்த தேர்தலில் முந்தியது யார்? பல பத்தாண்டுகள் களத்தில் வேலை பார்த்த முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் கட்சி!

அவசரமாகச் செய்தி பரப்ப, பதிவு. அதிகாரியிடம் பதில் வாங்க, சட்டத்தை மாற்ற, நேரில் போங்கள். லைக் எண்ணிக்கையை யாரும் ஓட்டாக எண்ணுவதில்லை.