கேஸ் மாத்திரை என்று ஒரே மாத்திரை இல்லை

மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பான்டோபிரசோல் 40 மில்லிகிராம். என் அம்மாவுக்கும் அதுதான். மூட்டுவலி மாத்திரையோடு பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தது. வலி மாத்திரை நின்ற பிறகும் மூன்று ஆண்டுகள் ஓடியது. அதுவும் இட்லி சாப்பிட்டு, காபியும் குடித்த பிறகு.

அந்த வேளையே தவறு. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் ஆகியவை இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் பம்புகளையே அடைப்பவை. சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் முழு மூச்சில் இயங்கும். இயங்கும் பம்பைத்தான் மருந்து பிடிக்கும். எனவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே, உடைக்காமல் மெல்லாமல் விழுங்க வேண்டும். முழுப் பலனுக்கு மூன்று நான்கு நாளாகும். நள்ளிரவில் நெஞ்செரிந்து எழுந்து இதைப் போட்டால் அப்போதைக்கு எந்த நிவாரணமும் கிடைக்காது.

அந்த நேரத்துக்கு ஜெலுசில், டைஜீன் போன்ற சிரப்புகள். சுரந்துவிட்ட அமிலத்தை நேரடியாக முறிப்பதால் சில நிமிடங்களில் இதம் தெரியும். ஓரிரு மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிடும். கல்யாண விருந்துக்குப் பிறகு வரும் எரிச்சலுக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அலுமினியமும் மக்னீசியமும் உடலில் தங்கிவிடும். ஈனோவில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வியர்வையோடு நெஞ்சுவலி, கருப்பு மலம், விழுங்குவதில் சிரமம் என்றால் சிரப்பைத் தேடாதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஃபமோடிடின். ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். இரவில் மட்டும் எதுக்களிப்பவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். தினமும் போட்டால் உடல் பழகி வீரியம் குறையும். இதன் பங்காளியான ரனிடிடின், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு காரணமாக 2020-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இந்த மூன்றில், வலிமையில் பான்டோபிரசோல் வகைக்கு நிகரில்லை. குடற்புண் ஆறப் பெரும்பாலும் அதையே கொடுப்பார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுக்கும் முதியவர்களுக்கு வயிற்றைக் காக்கக் கொடுத்திருந்தால், தாமாக நிறுத்தவே கூடாது. காரணம் தீர்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுதான் எனக்கு ஆற்றாமை. அப்படித் தொடர்ந்தால் உடலில் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம்.

அம்மா திடீரென நிறுத்தினார். ஒரு வாரத்துக்குள் முன்பைவிட மோசமாக எரிந்தது. தடை விலகியதும் அமிலம் அளவுக்கு மீறிச் சுரந்ததன் விளைவு அது. நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஓர் அட்டை வாங்கிவிட்டார். பிறகு மருத்துவர் 40-ஐ 20 ஆக்கி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் எரிந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன் சிரப் என்று சொல்லி, ஆறு வாரத்தில் விடுவித்தார்.