வெள்ளத்துக்கு கவர் உண்டாம், மண்ணு சரிஞ்சா கிடையாதாம்: எங்க வீட்டு இன்சூரன்ஸ் கதை

5க்கு ரெண்டரை ஸ்டார். அதுல பாலிசிக்கு அரை, மிச்ச ரெண்டும் கடைசில வந்து சேர்ந்த புரோக்கருக்கு. கம்பெனி பேர் போடல, கேக்காதீங்க. இதே மாதிரி வாசகம் பல கம்பெனி பாலிசிலயும் இருக்கு, அதனால பேர் தெரிஞ்சு பெருசா பிரயோஜனமும் இல்ல.

நாங்க இருக்கறது சவுத் ஆப்பிரிக்கா, டர்பன்ல சாட்ஸ்வர்த். நான் திருச்சில இருந்து கல்யாணமாகி வந்தவ, மாமியார் வீட்டுக்காரங்க நாலு தலைமுறையா இங்கதான். ஊரு முழுக்க மேடும் பள்ளமும். மலைச்சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணையே இன்னொரு பக்கம் கொட்டி சமமாக்கி, அது மேல வீடு, பின்னாடி மண்ணைத் தாங்க ஒரு மதில். ஆறு எங்கயோ கீழ ஓடுது, நாம மேல இருக்கோம், வெள்ளம் நம்மள என்ன பண்ணும்னு நெனச்சுதான் வாங்கினோம்.

பாண்ட், அதான் வீட்டுக் கடன், போடும்போது வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்னு பேங்க்ல சொன்னாங்க, அவங்க நீட்டின பாலிசிலயே கையெழுத்து போட்டோம் (வேற கம்பெனில நாமளே எடுத்துக் குடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு, அப்போ யாரும் சொல்லல). "வெள்ளத்துக்கு கவர் ஆகுமா"ன்னு நான் கேட்டேன். "ஆமா மேடம், புயல், வெள்ளம் எல்லாம் உள்ளதான்"னு சொன்னாங்க. அது பொய் இல்ல. அமெரிக்கால வெள்ளத்துக்கு பொதுவா தனி பாலிசி எடுக்கணும், இங்க சவுத் ஆப்பிரிக்கால பெரும்பாலும் சாதாரண வீட்டு பாலிசிக்குள்ளயே வந்துடும். நான் கேக்காம விட்டது வேற கேள்வி.

2022 ஏப்ரல் 11, திங்கக்கிழமை ராத்திரி. வியாழன் புத்தாண்டு, வெள்ளி குட் ஃப்ரைடே, டர்பனுக்குத் தெக்கால இருக்கற இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு போகணும்னு மாமி மஞ்சத்துணி எல்லாம் எடுத்து வச்சிருந்தாங்க. அன்னிக்கு டர்பன் பக்கம் சில இடத்துல 24 மணி நேரத்துல 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல போயிட்டாங்க. அதோட பாத்தா எங்க கதை ஒண்ணுமே இல்ல, தெரியும். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், லாரில இருந்து ஜல்லி கொட்டற மாதிரி ஒரு சத்தம், டார்ச் அடிச்சுப் பாத்தா பின் மதிலைக் காணோம், அடுக்களை கதவுக்கு முழங்கால் உசரம் செம்மண்ணு, கருவேப்பிலை மரம் மட்டும் சாயாம கொள்ளாம நின்ன வாக்குலயே நகர்ந்து போய் கீழ் வீட்டு யார்டுல நிக்குது. ஒரு இலை கூட உதிரல.

க்ளெய்ம் போட்டோம். ஊரே போட்டிருக்கு, அதனால நஷ்டத்தை மதிப்பிடற அசெஸர் மூணு வாரம் கழிச்சு வந்ததை நான் குத்தமா சொல்லல. வந்தவர் நல்ல மனுஷன்தான், டீ குடிச்சாரு, போட்டோ எடுத்தாரு, இடிஞ்சு கிடந்த மதில் துண்டைப் பொரட்டிப் பாத்துட்டு "தண்ணி வடியறதுக்கு ஓட்டையே விடலையே"ன்னு முணுமுணுத்தாரு. எனக்கு அப்போ அர்த்தம் புரியல. மதிலுக்குப் பின்னாடி மண்ணு ஊறி தண்ணி கோத்துக்கிட்டா அந்த அழுத்தமே மதிலைத் தள்ளிடும், அதுக்குத்தான் அடில ஓட்டை விடறது. லெட்டர் வந்தப்போ புரிஞ்சுது. சீலிங் ஒழுகினதுக்கு, அடுக்களை அலமாரிக்கு பணம் உண்டு. மதிலுக்கு கிடையாது. அது வெள்ளம் இல்லையாம், மண் சரிவாம், அதுக்கு தனியா கூடுதல் கவர் எடுத்திருக்கணுமாம், எடுத்திருந்தாலும் சரியா கட்டாத மதிலுக்கு வராதாம். மழை பெய்ஞ்சுதானய்யா சரிஞ்சுதுன்னு போன்ல கத்தினேன், அந்தப் பொண்ணு பாவம் அதே வரியைத் திரும்பத் திரும்ப படிச்சுது.

அலமாரிக்கு குடுத்ததும் முழுசா இல்ல. நாங்க வாங்கின விலைக்கே இன்சூர் பண்ணி வருஷக்கணக்கா விட்டுட்டோம். திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அந்தத் தொகைக்குத்தான் போடணும், இடிபாடு அள்ளற கூலி உட்பட. கட்ட 1 மில்லியன் ரேண்ட் ஆகற வீட்டை 600,000க்கு போட்டிருந்தா, 100,000 ரேண்ட் நஷ்டத்துக்கு 60,000தான் தருவாங்க, அதுலயும் எக்ஸஸ், அதான் நஷ்டத்துல நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, கழியும். இது பாலிசில எழுதியே இருக்கு, பதினேழாவது பக்கத்துல. படிக்காதது என் தப்பு, ஒத்துக்கறேன், ஆனா வருஷா வருஷம் பிரீமியம் ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு இதை ஒரு வரி சொல்லத் தெரியலையா?

இசிபிங்கோல இருக்கற எங்க பெரியம்மா கேஸ் நேர் எதிர். தாழ்வான இடம், இடுப்பளவு தண்ணி வீட்டுக்குள்ள. அவங்களுக்கு வேற கம்பெனி, ஃப்ரிட்ஜ் சோஃபாவுல இருந்து தரை வரைக்கும் கேள்வி கேக்காம பணம் குடுத்தாங்க, ஆனா ரின்யூவல்ல வெள்ளத்துக்கு மட்டும் தனி எக்ஸஸ் போட்டு அதைப் பெருசா ஏத்திட்டாங்க. "ஆத்துப் பக்கம் இருக்கேன்னு என்னைக் கேலி பண்ணினியே, பாத்தியா"ன்னு இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

அப்புறம்தான் ஃப்ளட் லைன், அதான் வெள்ளம் எதுவரைக்கும் ஏறும்னு காட்டற கோடு, பத்தியெல்லாம் தேடினேன். 1998 தண்ணீர் சட்டப்படி புது குடியிருப்பு பிளான்ல நூறு வருஷ வெள்ளக் கோடு காட்டணும், நகராட்சில கேட்டுப் பாக்கலாம். நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. இருபது வருஷ பாண்ட் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு தடவையாவது வர கிட்டத்தட்ட 18 சதவீதம் வாய்ப்புன்னு கணக்கு வருது. அதுலயும் 2022 மாதிரி மழை வர வாய்ப்பு பூமி சூடானதால ரெண்டு மடங்கா ஆயிடுச்சுன்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. ஆனா அந்தக் கோடு ஆத்துக்குத்தான். எங்க மாதிரி சரிவுல இருக்கற வீட்டுக்கு அது எதுவுமே சொல்லாது. வீடு பாக்கப் போறவங்க நல்லா மழை பெய்யற அன்னிக்குப் போங்க, மேல் வீட்டுத் தண்ணி எந்தப் பக்கம் இறங்குது, மதில் முன்னாடி சாஞ்சிருக்கா, படிக்கட்டுல புதுசா விரிசல் இருக்கான்னு பாருங்க.

அதோட ஊர்ல வயசானவங்கள கேளுங்க. இங்க மறக்கவே மாட்டாங்க. 1917ல டர்பன்ல ஓடற உம்கேனி ஆறு பொங்கினப்போ மாரிமுத்து பதவத்தானும் கூட இருந்த மீன்காரங்களும், மொத்தம் ஆறு பேர், படகுல திரும்பத் திரும்ப போய் 176 பேரைக் காப்பாத்தினதை மாமி நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க. மாமியோட அண்ணன் குடும்பம் அதே ஆத்தோரம் டின் டவுன்ல இருந்தது, 1976 வெள்ளத்துல தகரக் கொட்டகை போயிடுச்சு, அப்படித்தான் டர்பனுக்கு வடக்கால ஃபீனிக்ஸ்ல வீடு குடுத்து அனுப்பினாங்க. 1987, 2019 ஈஸ்டர்னு பட்டியல் நீளும். எந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கை வச்சுக் காட்டுவாங்க.

புரோக்கர் பத்தி சொல்லணும். நாத்தனார் மூலமா வந்தவரு. வீட்டுக்கு வந்ததும் ஹால்ல உக்காராம நேரா பின்பக்கம் போனாரு, "மதில் யார் கட்டினது, பிளான் பாஸ் ஆச்சா"ன்னு கேட்டாரு. இந்தக் கேள்வியை பேங்க்ல அன்னிக்கே ஒருத்தர் கேட்டிருந்தா! க்ளெய்மை மறுத்த லெட்டருக்கு பதில் எழுத நமக்கு 90 நாள் உண்டுன்னு சொல்லி அவரே எழுதிக் குடுத்தாரு, மதிலுக்கு அசையல, அடுக்களைக்குள்ள வந்த மண்ணை அள்ளின கூலி மட்டும் வந்துச்சு. இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஆம்புட்ஸ்மன் கிட்ட போயிருக்கலாம், அதுக்கு கட்டணம் கிடையாது, நாங்க அலுத்துப் போய் விட்டுட்டோம். 2024 மார்ச்ல இருந்து நாலு ஆம்புட்ஸ்மன் ஆபீஸை ஒண்ணாக்கி நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட்னு வச்சிருக்காங்க, மறுத்தா அங்க போங்க. பில்லுல சாஸ்ரியான்னு ஒரு வரி வருமே, அது கலவரத்துக்கு, 2021 ஜூலைல இங்க நடந்த மாதிரி நடந்தா. அதை வெள்ளத்துக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு அவரே சொன்னாரு.

இப்போ மண் சரிவுக்கான கூடுதல் கவர் எடுத்திருக்கோம். அதுக்கு இன்ஜினியர் ரிப்போர்ட் கேட்டாங்க, செலவு வலிச்சுது, பிரீமியமும் ஏறிடுச்சு. புரோக்கர் வாட்ஸப்ல பதில் போட ரெண்டு நாள் ஆகும், அதுக்குத்தான் அவருக்கும் முழு மார்க் இல்ல. புது மதில் இன்ஜினியர் வரைபடப்படி கட்டினது, அடில வரிசையா ஓட்டை, மழை வந்தா வீட்டுக்காரர் டார்ச்சோட போய் எல்லா ஓட்டையிலயும் தண்ணி வருதான்னு எண்ணிட்டு வருவாரு. கருவேப்பிலை மரம் கீழ் வீட்லயே வேர் பிடிச்சிடுச்சு, தாளிக்க வேணும்னா வேலிக்கு மேல குரல் குடுத்து கேட்டு வாங்கிக்கறோம்.