வோச்சோ, ட்சுரு, ஐ10: மெக்ஸிகோவின் மலிவுக் கார்கள்

மலிவுக் கார் என்றால் புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்று நினைப்போம். மெக்ஸிகோவில் நெடுங்காலம் நடந்தது நேர்மாறு. மற்ற நாடுகள் கைகழுவிய மாடலை நிறுத்தாமல் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். அச்சுகளுக்கும் இயந்திரங்களுக்கும் போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டதால், விலையை அடிமட்டத்தில் வைக்க முடிந்தது.

மூத்தது வோக்ஸ்வாகன் பீட்டில், அங்கத்திய செல்லப்பெயர் வோச்சோ. ஜெர்மனி 1978-இல் விட்டுவிட்டது. மெக்ஸிகோவின் புயெப்லா ஆலையிலோ கடைசி வண்டி வெளியே வந்தது 2003 ஜூலை 30 அன்று. காற்றே குளிரூட்டும் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் கதவு இரண்டுதான். அதனால் மெக்ஸிகோ நகர டாக்சிக்காரர்கள் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டார்கள். பயணி அந்தக் காலியிடம் வழியாக நுழைந்து பின்சீட்டில் உட்கார வேண்டும்.

நிசான் ட்சுருவில் அந்தத் தொல்லை இல்லை. நான்கு கதவு, டிக்கி, 1.6 லிட்டர் இன்ஜின். டாக்சிக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. நிசானின் 90-களின் தொடக்கத்து சென்ட்ரா மாடலின் உடம்போடு 2017 வரை தயாரித்தார்கள். குறை எங்கே என்றால் உயிர் விஷயத்தில். லத்தீன் அமெரிக்கக் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் லத்தீன் என்கேப் சோதனையில் 2013-இல் பூஜ்ய நட்சத்திரம். 2016-இல் அமெரிக்காவில் ட்சுருவையும் நிசானின் வெர்சாவையும் ஆளுக்கு 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டுமே மெக்ஸிகோ தயாரிப்பு. மோதவிட்ட வெர்சா அமெரிக்கச் சந்தைக்கு, ட்சுரு உள்ளூருக்கு. வெர்சாவின் கூடு தாங்கியது. ட்சுருவின் ஓட்டுநர் இடம் நசுங்கிப் போனது. அந்த வாரமே தயாரிப்பை நிறுத்தப்போவதாக நிசான் அறிவித்தது. இனி பழைய அச்சு மலிவு என்று யாரும் வாதாட வேண்டாம்.

மூன்றாவது வழி இறக்குமதி, இதில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் போனது. ஹூண்டாயின் ஸ்ரீபெரும்புதூர் ஐ10 முதலில் டாட்ஜ் என்ற அமெரிக்க பிராண்டின் முத்திரையோடு விற்றது. அப்புறம் 2014-இல் ஹூண்டாய் தன் பெயரிலேயே கடை திறந்து கிராண்ட் ஐ10-ஐ இறக்கியது. இந்தியச் சந்தைக்காக லட்சக்கணக்கில் செய்யும் வண்டியில் கொஞ்சம் கப்பலேற்றுவது என்பதால் விலை தாங்கும். ஆனால் சுங்க வரி ஏறினால் கணக்கே மாறிவிடும். ஏறியும்விட்டது: மெக்ஸிகோவோடு வர்த்தக ஒப்பந்தம் இல்லாத, இந்தியா போன்ற நாடுகளின் கார்களுக்கு 2026 ஜனவரி முதல் 50 சதவீதம் வரை.

ரிப்பேர் செலவை மட்டும் பார்த்தால் வோச்சோ, டாக்சி வருமானத்துக்கு ட்சுரு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதென்றால் என் ஓட்டு வெர்சாவுக்கே. உள்ளூரில் அசெம்பிள் ஆவதால் புது வரியும் அதைத் தொடாது. விலை மட்டும் கிராண்ட் ஐ10-ஐ விட ஒரு படி மேலே.